அஞ்சாம் வாங்கிலிருந்து இடமாற்றம்

களுவாஞ்சிக்குடி, சனிக்கிழமை, தகரக் கொட்டில்.
நூற்றிருபது பேருக்கு ரெண்டு காத்தாடி.
அதிலும் ஒண்டு சுத்தாது,
இங்குமங்கும் தலையை மட்டும் ஆட்டும்,
புவி சேர் சொல்வதெல்லாம் பிழை என்பது போல.

நானும் துஜீவனும் அஞ்சாம் வாங்கின் ஓரம்.
பொம்பிளைப் பிள்ளைகள் இஞ்சால, பொடியன்கள் அங்கால,
நடுவில் ஒன்றரை அடி வழி.
அந்த வழியால்தான்
எங்கள் துண்டுக் கடதாசிகள் போய்வந்தன.

அவன் எழுதுவான்:
"அனோஜிதன் தலைமயிர் வெட்டிற்று வந்திரிக்கான்.
நான் செத்தன்."
நான் எழுதுவேன்:
"வர்ணுஜா பென்சிலைக் கொண்டைக்குள்ள குத்தி வச்சிற்று
மேசைக்குக் கீழ பென்சில் தேடுறாள்.
நான் மூண்டு கணக்கு விட்டுட்டன்."

ஊருக்கு இது காதல்.
கல்முனை பஸ் கொண்டக்டர்
மிச்சக் காசை என் கையில் மட்டுமே தருவார்,
"சோடிக்கு" எண்டு.
துஜீவனின் அக்கா எனக்கு வளையல் கொடுத்தனுப்பினா,
அளவும் சரி.
நாங்கள் இல்லையெண்டு சொல்லவில்லை.
மாரி மழைக்கு ஒதுங்கினால்
யாருடைய கூரை எண்டா கேட்பது?

மறுகா ஒருநாள்
சேர் நியமிப்பு படிப்பித்தார்.
"கடைசித் துளியில கவனம்.
ஒள்ளுப்பம் கூடினாலும்
முழுக்க ரோசா."
கொப்பியில் எழுதவேண்டியதை விட்டுட்டு
துண்டில் எழுதினேன்:
"நான் எப்பவோ முழுக்க ரோசா."

எறிந்தது அவனுக்கு.
தலையாட்டிக் காத்தாடி
அன்றைக்கென்று பார்த்துச் சுத்தத் தொடங்கியது.
துண்டு பறந்து, நாலு வாங்கு தாண்டி,
வர்ணுஜாவின் செருப்புக்குப் பக்கத்தில்.
அவள் எடுத்தாள். வாசித்தாள்.
எழும்பிப் போய்
சேரின் கையில் கொடுத்தாள்.

என் காதுக்குள் ஒரு ரயில்.

"எழும்புங்க ரெண்டு பேரும்!
உயர்தரத்துக்கு இன்னும் தொண்ணூற்றி மூண்டு நாள்,
இங்க ரோசாத் தோட்டமா வைக்கிறீங்க?
நீ, முன்னுக்கு வா, வர்ணுஜாவுக்குப் பக்கத்தில இரி.
அந்தப் பிள்ளையப் பார்த்துப் பழகு.
நீ, அங்கால போ, அனோஜிதனோட இரி.
பிரிச்சு வச்சாத்தான் உருப்படுவீங்க."

கொட்டில் முழுக்க "ஊஊ."
துஜீவன் புத்தகத்தால் முகத்தை மூடினான்,
தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணி.
சிரிப்பை அடக்கினால் வரும் தண்ணி அது.
சேர் ஒள்ளுப்பம் இளகிப்போனார்:
"அழாத மனே. எல்லாம் மறந்து போகும்."

நான் முன் வாங்கில், விறைத்துப்போய்.
அவள் பலகையைப் பார்த்தபடியே,
உதடு அசையாமல்:
"கோவமா கா?"

"என்னத்துக்குப் போட்டுக்குடுத்த?"

"மூண்டு மாசமா என்ர பிடரியையே பார்க்கிறாய்.
மணிக்கூட்டுக் கண்ணாடியில தெரியும்.
எனக்குக் கூசுது, படிக்க ஏலாம இரிக்கு.
முன்னுக்கு வா எண்டு
நான் எப்பிடிக் கூப்பிடுற?
சேர் கூப்பிட்டாத்தானே வருவாய்."

பிறகு அவள் பென்சிலைத் தேடினாள்,
பெட்டிக்குள், கொப்பிக்குள், மேசைக்குக் கீழ.
நான் கொண்டையிலிருந்து உருவிக் கையில் வைத்தேன்.
ஒரு கூந்தல் சுருள் அவிழ்ந்து விழுந்தது.
இருவரும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

இப்போதெல்லாம் சேர் புதுப் பிள்ளைகளுக்கு
எங்களைக் காட்டிச் சொல்கிறார்:
"ஒழுக்கம் எண்டா இது. பாருங்க,
கிறுகியும் பார்க்கிறாளில்ல."

துஜீவனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை.
அனோஜிதனுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் வாயில்.
பாவம், எல்பிடபிள்யூ எண்டால் என்னவெண்டு
அவன் பாடமாக்கிக்கொண்டிருக்கிறான்.
நேற்று இடைவேளையில் கச்சான் பை ஒன்றை
இருவரும் பங்கு போட்டார்களாம்.
அதற்கு எனக்கு நாலு பக்கக் கடிதம்.

மாதப் பரீட்சையில் எனக்கு நாற்பத்தியொன்று.
நியமிப்புக் கேள்வி முழுவதும் பிழை.
எந்தத் துளியில் நிறுத்துவதெண்டு
இன்னும் பிடிபடுதில்லை.